மண்டபத்துக்கு வெளியே ஒரு பேக்பைப்

பேக்பைப் ஊதுகிறவனுக்கு ஒரு வசதி உண்டு. யார் என்ன திட்டினாலும் வாயில் குழல் இருப்பதால் பதில் சொல்ல வேண்டியதில்லை. வீட்டிலும் வெளியிலும் பேசத் தெரியாத எனக்கு இதைவிடப் பொருத்தமான தொழில் அமைந்திருக்காது.

கிட்டார் டேவிட்டைக் கடைசியாக உயிரோடு பார்த்த அன்றும் அவர் திட்டத்தான் செய்தார். ராபர்ட்சன்பேட்டையில் தன் வீட்டு கேட்டில், லுங்கியோடு நின்றுகொண்டிருந்தார். நான் பைப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஸ்கெலட்டன் குடியிருப்பில் ஒரு சாவு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். டேவிட்டுக்கு நெடுநாளாக ஒரே ஆசை: எங்கள் பைப் கல்யாண மண்டபத்துக்குள் ஒலிக்க வேண்டும். கோலார் தங்கவயலில் பைப் என்றால் பிணத்துக்கு முன்னால் போவது என்று ஆகிவிட்டது. ஊர்வலத்தில் ஊதலாம், மண்டப வாசலோடு நிறுத்திவிட வேண்டும். அந்தப் பேரைத் துடைக்க அவர் பாடுபட, நான் பாட்டுக்கு வாரம் ஒரு சாவுக்குப் போய் அதை மறுபடி பூசிக்கொண்டிருந்தேன். மேடையில் பாடுபட்ட நண்பர்களுக்கு இந்தச் சங்கடம் புரியும். அன்று அவர் சொன்னது இது: "போ ஏகா, போ. ஊர்ல ஒருத்தன் உயிரோட இருந்தா உனக்குத் தூக்கம் வராதே."

அந்த வாரமே அவர் போய்விட்டார். அதற்கு முன் நடந்தவற்றை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

தோளில் ஒத்துக்காரர்

நாதஸ்வரம் வாசிப்பவர் பக்கத்தில் ஒத்து ஊத ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர் வேலை ஒரே சுரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது. பேக்பைப்பில் அந்த ஒத்துக்காரரை நாம் தோளிலேயே தூக்கிக்கொண்டு நடக்கிறோம். தோள்மேல் நிற்கும் மூன்று குழல்கள் அவர்தான். பையில் காற்று இருக்கும் வரை அவர் வாயை மூட மாட்டார். கீழே விரல் வைக்கும் குழலில் மொத்தம் ஒன்பது சுரம். சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. பாட்டின் நடுவில் ஒரு நொடி மௌனம் வேண்டும் என்றால் அதுவும் முடியாது.

நான் இதை ஆண்டர்சன்பேட்டையில் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கினேன். அப்போது தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை. ஷிப்ட் முடிந்து வந்து, கூடவே கிடைத்த உறையில்லாத ஒரு கேசட்டைக் கேட்டுக் கேட்டு நானாகப் பழகினேன். கேசட்டில் ஸ்காட்லாந்துப் பாட்டுகள். சில வெறும் பைப், சிலவற்றில் பெண்கள் பாடினார்கள். அது இங்கிலீஷ் இல்லை என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது.

டேவிட் தினமும் ரயிலில் பெங்களூருக்குப் போய் வந்த எலெக்ட்ரீசியன். ஞாயிற்றுக்கிழமைகளில் கிட்டார். அந்த மொழியின் பேர் கேலிக் என்றும், அந்தப் பாட்டுகளோடு எலெக்ட்ரிக் கிட்டாரும் டிரம்ஸும் சேர்த்து அவர்கள் ஊரிலேயே ராக் வாசிக்கிறார்கள் என்றும் போனில் காட்டியவர் அவர்தான். "அவங்க பண்ணா நாம பண்ணக் கூடாதா" என்று கிட்டாரோடு வந்து உட்கார்ந்தார். அன்றுதான் தெரிந்தது, என் பைப்பின் சுருதி எந்தக் கட்டையிலும் இல்லை, இரண்டு கட்டைக்கு நடுவில் எங்கேயோ இருக்கிறது என்று. போதாததற்கு வெயில் ஏற ஏற அதுவும் ஏறும். டேவிட் கம்பியை முறுக்கி முறுக்கி என்னைப் பிடிக்கப் பார்த்தார். கம்பி அறுந்தது. வேறு கம்பி போட்டார். அதற்குள் நான் இன்னும் கொஞ்சம் ஏறிவிட்டேன். டிரம்ஸ் வாசிக்க பங்காருபேட்டையிலிருந்து வந்திருந்த முனிரத்னம் குச்சியைக் கீழே வைத்தார். "குரு, நீங்க ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்தப்புறம் கூப்பிடுங்க. நான் கொஞ்சூண்டு டீ குடிச்சிட்டு, வீட்டுக்குப் போயிட்டு, நாளைக்கு வரேன்."

வெல்லப் பாகு

பை தோலால் ஆனது. காய்ந்தால் காற்று ஒழுகும். ஸ்காட்லாந்தில் அதற்குள் தேனோ சர்க்கரைப் பாகோ ஊற்றிக் குலுக்கிப் பதப்படுத்துவார்கள் என்று எங்கோ படித்தேன். தேன் கட்டுப்படியாகாது. வெல்லத்தைக் காய்ச்சி ஊற்றினேன். பை கும்மென்று காற்றுப் பிடித்தது. எனக்கு ஒரே பெருமை.

அடுத்த ஞாயிறு சர்ச் திருவிழா ஊர்வலம். முதல் பாட்டு முடிவதற்குள் உதட்டில் ஏதோ ஊர்ந்தது. பிறகு நாக்கில். ஊதுகுழல் வழியாக எறும்புகள் வரிசையாக வெளியேறிக்கொண்டிருந்தன. ஊர்வலத்தில் நிறுத்தக் கூடாது என்பது எங்கள் தொழில் விதி. சர்ச் வாசல் வரை கடியோடு ஊதி முடித்தேன். மூக்குக்குக் கீழே ஒரு கொழுக்கட்டையோடு வீட்டுக்கு வந்தேன். என் மனைவி சரோஜா பைப்பைப் பார்த்தாள், என் உதட்டைப் பார்த்தாள், சமையலறை அலமாரியை ஒரு தரம் திறந்து மூடினாள். "பொங்கலுக்கு வெச்ச வெல்லம் எங்க போச்சுன்னு ரெண்டு நாளா தேடிகினு கீறேன். எறும்புக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியல பாருங்க."

கரண்டு போனபோது

ஒரு கல்யாண ஊர்வலம். டெம்போவில் ஜெனரேட்டர், ஸ்பீக்கர், டேவிட், முனிரத்னம். முன்னால் ரோட்டில் நான். அதற்குள் டேவிட் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். கிட்டாரை முழுக்க என் பைப்புக்கு மட்டும் என்று சுருதி சேர்த்து வைத்துவிட்டார். வேறு யாரோடும் அதை வாசிக்க முடியாது. இரண்டும் சேர்ந்து போனபோது பையன்கள் சட்டையைக் கழற்றிச் சுழற்றி ஆடினார்கள்.

தெரு முனையில் ஜெனரேட்டர் அணைந்தது. கிட்டார் செத்தது, ஸ்பீக்கர் செத்தது. பைப்புக்குக் கரண்டு வேண்டாம், அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் உற்சாகமாக இன்னும் பலமாக ஊதினேன். ஆடியவர்கள் ஒவ்வொருவராகக் கையை இறக்கினார்கள். ஒரு பையன் சட்டையைப் போட்டுக்கொண்டு பொத்தானும் போட்டான். மாப்பிள்ளையின் சித்தப்பா என்னிடம் ஓடி வந்தார். மரியாதையான மனிதர், கை கூப்பித்தான் சொன்னார். "கோச்சுக்காதீங்க. கரண்டு வர்ற வரைக்கும் அத நிறுத்துங்க. கிட்டார் இல்லாம கேட்டா பாடி எடுக்கற மாதிரியே கீது."

டேவிட் அன்று டெம்போவிலிருந்து இறங்கவே இல்லை. கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இனிமேல் பேண்டு சாவுக்குப் போகக் கூடாது என்று அங்கேயே தீர்மானம் போட்டார். முனிரத்னம் தலையாட்டினார். நான் ஊதுகுழலைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளைச் சட்டை

சாவுக்குப் போகாமல் இருக்க நானும் பார்த்தேன். அந்தச் சமயத்தில்தான் சரோஜா இறந்துபோனாள். ஸ்கெலட்டனில் பிறந்தவள். அந்தப் பக்கத்து வீடுகளில் யார் போனாலும் முன்னால் பைப் போகும். அவளுக்குப் போகவில்லை. ஊரில் ஊதுகிறவன் நான் ஒருவன்தான், நான் கொள்ளிச் சட்டியோடு நடந்துகொண்டிருந்தேன். தப்பட்டை இருந்தது, ஆட்கள் இருந்தார்கள், ஒரு குறையும் இல்லை. ஆனால் வழி முழுக்க எனக்குக் காதில் ஒன்று குறைந்துகொண்டே இருந்தது.

காரியம் முடிந்து சில நாளில் ஒரு சாவு வீட்டு ஆள் வாசலில் வந்து நின்றார். டேவிட் அப்போது என்னோடு உட்கார்ந்திருந்தார். நான் பைப்பை எடுத்ததைப் பார்த்தார். தீர்மானம் போட்டவர் அவர்தான். சாவுக்குப் போடும் வெள்ளைச் சட்டையை நான் மாட்டிக்கொண்டு வந்ததும்தான் வாயைத் திறந்தார். "போய்ட்டு வா. ஆனா என் வீட்டு வழியா போகும்போது அந்த வெள்ளச் சட்டைய மட்டும் போட்டுகினு போகாத. வேற எதாச்சும் போட்டுகினு போ, அங்க போய் மாத்திக்கோ."

ஸ்காட்லாந்து அம்மாள்

துரைமார் கல்லறைகளைத் தேடி எப்போதாவது வெளிநாட்டுக்காரர்கள் வருவார்கள். ஒரு முறை ஸ்காட்லாந்திலிருந்து ஓர் அம்மாள், வயது அறுபதுக்கு மேல். கொள்ளுத் தாத்தா இங்கே சுரங்கத்தில் வேலை பார்த்தவராம். கல்லறையைக் காட்டி அழைத்துப்போனவர் டேவிட். காட்டிவிட்டுச் சும்மா இருப்பாரா, "எங்க ஊர்ல உங்க ஊரு பைப் கீது" என்று என் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார்.

நான் யோசித்தேன். பெரியவரின் கல்லறையைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். சாவுக்கு ஊதுவதையே ஊதினேன். கேசட்டில் இரண்டாவது பக்கம் முதல் பாட்டு, பெண் குரலில் மெல்லப் போவது. ஸ்கெலட்டனில் அதைக் கேட்டால் கல் மனசுக்காரரும் கண்ணைத் துடைப்பார். அந்த அம்மாள் கண்ணைத் துடைக்கவில்லை. முதலில் புன்னகை, பிறகு தொடையில் தாளம், பிறகு அவரே பாட ஆரம்பித்துவிட்டார். அதே பாட்டு, அதே கேலிக். கைகளால் காற்றில் எதையோ மாற்றி மாற்றி இழுத்தார்.

அவர் அத்தை பாடுவாராம். மாட்டுக்குப் பாடுகிற பாட்டாம். பசு முரண்டு பிடித்தால், பக்கத்தில் உட்கார்ந்து இதைப் பாடிக்கொண்டே கறந்தால் பால் விடுமாம். டேவிட் இதை எனக்குத் தமிழில் சொல்லி முடிக்க வெகு நேரம் ஆயிற்று. நடுநடுவே சிரிப்பு தாங்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டார். "இத்தினி வருஷமா ஸ்கெலட்டன்ல அத்தன பேரையும் பால் கறந்தே அனுப்பி வெச்சிகீறியே ஏகா."

முன் அறை ஒத்திகை

அன்றிலிருந்து டேவிட்டுக்குப் பேய் பிடித்த மாதிரி. சாவுப் பாட்டே இல்லை என்று ஆதாரம் கிடைத்துவிட்டது. பசு, பால், அத்தை. இதைவிட மங்கலமாக என்ன வேண்டும் என்றார். அந்தப் பாட்டையே எடுத்து வேகத்தைக் கூட்டினார். முதலில் டிரம்ஸ், அதன்மேல் நான், நடுவில் நான் விலகிக்கொள்ள அவர் கிட்டாரில் தனியாக ஒரு நீளமான வாசிப்பு, கடைசியில் மூவரும். விரலை ஒரே சுரத்தில் நிறுத்தி நான் விலகினாலும் ஒத்து விலகாது என்றேன். "அது ஓடட்டும், அதும் மேல ஏறி உக்காந்துக்கறேன்" என்றார். பாட்டின் உயிரே அந்த இடம்தான். கிட்டார் முனகும், இழுக்கும், கீழே என் ஒத்து தரை மாதிரி கிடக்கும்.

அவர் மகள் எஸ்தருக்குப் பங்காருபேட்டையில் மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது. மகள் கல்யாணத்தில், மண்டபத்துக்குள், மேடையில் இதை வாசிப்பது என்று முடிவு. ஒத்திகை அவர் வீட்டு முன் அறையில். மேடைக்காரர்களுக்குத் தெரியும், அறைக்குள் பைப் என்பது டவுன் பஸ்ஸுக்குள் யானை. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். தெலுங்குக்காரர், தங்கமான மனிதர், உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு ஆரம்பித்தார். "பாட்டு நல்லா இருக்குது சார், குறை சொல்ல வரல. எங்க மாமியாருக்கு நாலு வருஷமா காது கேக்காம வீடு நிம்மதியா இருந்துச்சு. இப்ப கேக்குதுன்னு சொல்றாங்க."

கீபோர்டு

கல்யாணத்துக்குச் சில நாள் முன்னால் மாப்பிள்ளையின் அம்மா செய்தி அனுப்பினார். கிட்டார் சரி, டிரம்ஸ் சரி, பைப் மண்டபத்துக்குள் வேண்டாம். அவர் கணவர் இறந்தபோது முன்னால் பைப் போயிருக்கிறது. ஊதியவன் நான்தான். டேவிட் பங்காருபேட்டைக்கே போய் மாட்டுக் கதையை முழுக்கச் சொன்னாராம். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டு, காபி கொடுத்து, "பசு நல்லதுதாங்க, பைப் வேணாங்க" என்று அனுப்பிவிட்டார். டேவிட் திரும்பி வந்து என் எதிரில் உட்கார்ந்தார். நான் இல்லாமல் வாசிக்கலாம் என்றேன். அவருக்கு இரண்டு பக்கமும் இடி. மகள் கல்யாணத்தைக் கெடுக்க முடியாது, என்னை விடவும் முடியாது.

வழி சொன்னவர் முனிரத்னம். உள்ளேதானே வேண்டாம் என்றார்கள், வெளியே நின்று ஊதட்டுமே.

அதனால் சாயங்கால ரிசப்ஷனில் டேவிட் மேடையில், நான் மண்டபத்தின் பின்னால் சமையல் கொட்டகையில், பிரியாணி அண்டாக்களுக்கு நடுவில். முனிரத்னம் டிரம்ஸைப் பின்கதவு ஓரமாகப் போட்டுக்கொண்டார். புதிதாக ஒரு தொல்லை முளைத்தது. மேடைச் சத்தம் என்னிடம் வந்து, நான் ஊதி, அது மறுபடி மேடைக்குப் போவதற்குள் ஒரு நூல் பிந்திவிடுகிறது. உள்ளே இருப்பவர்களுக்கு நான் எப்போதும் லேட். முதல் சுற்றில் முனிரத்னம் கதவு வழியாக எட்டி என்னைப் பார்த்து முறைத்தார். இரண்டாவது சுற்றில் நான் காதை நம்புவதை விட்டேன். அவர் குச்சி தூக்குவதைக் கண்ணால் பார்த்து, அடி விழுமுன்னே ஊதினேன். சேர்ந்துகொண்டது. சமையல்காரர் கரண்டியோடு நின்றுவிட்டார். உள்ளே பெஞ்சு நாற்காலி இழுபடும் சத்தம், பிறகு ஆடுகிற கால்களின் சத்தம். டேவிட்டின் தனி வாசிப்பு வந்தபோது நான் ஒத்தை மட்டும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். அந்த நாளில் அவர் வாசித்த மாதிரி அதற்கு முன்னும் வாசிக்கவில்லை, பின்னும் இல்லை.

முடிந்ததும் டேவிட் மாப்பிள்ளையின் அம்மாவையே பின்பக்கம் அழைத்து வந்தார். சமையல் பார்க்க வந்த மாதிரி. நான் அதற்குள் பைப்பை வெங்காய மூட்டைக்குப் பின்னால் வைத்துவிட்டேன். அந்த அம்மாளுக்கு முகமெல்லாம் வேர்வை, ஆடியிருக்கிறார். டேவிட்டிடம்தான் சொன்னார், என் காதில் விழுந்தது. "எல்லாம் நல்லா இருந்துச்சு சம்பந்தி. அந்தக் கீபோர்டு வாசிச்சவரு யாருங்க, அவரை மட்டும் மேடையில காணோமே."

யார் வீடு

இது நடந்து ஒரு வருஷத்துக்குள் டேவிட் போய்விட்டார். கேட்டில் நின்று திட்டினாரே, அந்த வாரம். நெஞ்சு வலி, ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே.

நான் போனபோது எஸ்தர் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். என் கையில் பைப் இருந்தது. ஊதினால் அவர் பேச்சுக்கு விரோதம். ஊதாவிட்டால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும், சரோஜாவுக்காக ஒரு முறை அப்படி நடந்திருக்கிறேன். எதைச் செய்வது என்று தெரியாமல் வாசலிலேயே நின்றேன். அவள்தான் எழுந்து வந்தாள். "நீங்க ஊதாம அப்பாவ அனுப்ப முடியாது மாமா. ஆனா சாவுக்கு ஊதற மாதிரி ஊதினா எழுந்து வந்து திட்டுவாரு. என் கல்யாணத்துல ஊதினீங்களே, அப்டி ஊதுங்க."

முனிரத்னம் சைடு டிரம்மைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். பாதிரியாரிடம் எஸ்தரே போய்ச் சொன்னாள், அவர் மறுக்கவில்லை. ராபர்ட்சன்பேட்டையிலிருந்து கல்லறைத் தோட்டம் வரை அந்த மாட்டுப் பாட்டை முழு வேகத்தில் ஊதினேன். அழுதுகொண்டு வந்தவர்கள் முதலில் திகைத்தார்கள், பிறகு கால் தாளத்தில் விழுந்ததும் நடை வேகமானது. டேவிட்டின் தனி வாசிப்பு வர வேண்டிய இடம் வந்தது. நான் விலகினேன். முனிரத்னம் அடியைக் குறைத்தார். யாரும் ஏறி உட்காராமல் ஒத்து மட்டும் போய்க்கொண்டிருந்தது. அவர் எத்தனை நேரம் வாசிப்பாரோ அத்தனை நேரம் விட்டு, மறுபடி எடுத்தேன்.

கடைத்தெரு திருப்பத்தில் தண்ணீர்க் குழாயடியில் ஓர் அம்மாள் குடத்தோடு நின்றிருந்தாள். கூட்டத்தில் பெட்டி அவளுக்குத் தெரியவில்லை, என்னைத்தான் பார்த்தாள். எங்களுக்குப் பின்னால் எஸ்தரோடு அவள் மாமியார், பங்காருபேட்டை அம்மாள், நடந்து வந்துகொண்டிருந்தார். அவரும் அந்தக் கீபோர்டு பாட்டைக் கேட்டார், என் பைப்பை அப்போதுதான் முதல் தரம் பார்ப்பது போலப் பார்த்தார். குடத்து அம்மாள் சத்தமாகவே கேட்டாள். "யார் வீட்டுக் கல்யாணம்பா இது?"

வாயில் குழல் இருந்ததால் நான் பதில் சொல்லவில்லை.

இப்போது கல்யாணம், சாவு இரண்டுக்கும் அந்த ஒரே பாட்டைத்தான் கேட்கிறார்கள், மண்டபத்துக்குள்ளேயே கூப்பிட்டு ஊதச் சொல்கிறார்கள், கிட்டாருக்கு மட்டும் இன்னும் ஆள் கிடைக்கவில்லை.